பதினொரு புகார்தான் வந்திருக்கிறது, அப்படியென்றால் நிம்மதியா?

மருத்துவமனைப் பதிவறையில் 31 வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு விடவில்லை. பெண்கள் நலம், வன்முறைத் தடுப்பு, இவற்றுக்கான உள்ளூர்க் கணக்குகள் பற்றி நீங்கள் அனுப்பிய கடிதங்கள் இரண்டு மாதமாக மேசையில் குவிந்துவிட்டன. முடிந்தவரை இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கே: அம்மா, நான் உள்ளாட்சி உறுப்பினர். பெண்கள் பாதுகாப்புத் திட்டம் தயாரிக்கும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் கணக்கு கேட்டோம். போன வருடம் முழுக்க 11 குடும்ப வன்முறைப் புகார்கள்தானாம். "நம் பகுதியில் பெரிய பிரச்சினை இல்லை, வேறு வேலையைப் பார்க்கலாம்" என்கிறார் குழுத் தலைவர். சரிதானே?

ப: சரியில்லை. அந்த 11 என்பது உங்கள் பகுதியில் நடந்த வன்முறையின் அளவு அல்ல. காவல் நிலையப் படியேறத் துணிந்தவர்களின் எண்ணிக்கை. அதிலும், ஏறியவர்களில் புகார் எழுதி வாங்கப்பட்டவர்கள் மட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நேரில் பேசி 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. துணைவரிடம் அடி வாங்கிய பெண்களில், காவல் நிலையம், மருத்துவமனை, ஊர்ப் பெரியவர் என எந்த இடத்துக்கும் உதவி கேட்டுப் போகாதவர்கள் இடத்துக்கு இடம் 55 முதல் 95 சதவீதம் வரை இருந்தார்கள். உங்கள் பகுதி இதில் எந்த முனை என்று எனக்குத் தெரியாது. ஆனால் 11-ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

அப்புறம் எங்கே தேடுவது? மருத்துவமனையில் தேடுங்கள். வேல்ஸ் தலைநகரான கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்று ஒரு முகத்தாடை அறுவை மருத்துவர். தன்னிடம் கிழிந்த முகத்தோடும் உடைந்த தாடையோடும் வருகிறவர்களில் பெரும்பகுதியினர் காவல்துறைக் கணக்கில் இல்லவே இல்லை என்பதைக் கவனித்தார். அவசரப் பிரிவில் பெயர் பதிகிறவர்களிடம், கூடவே சில கேள்விகளையும் கேட்கச் சொன்னார். எந்த இடத்தில் அடித்தார்கள், எப்போது, எதைக் கொண்டு அடித்தார்கள். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அந்த விவரம் மட்டும் மருத்துவமனை, காவல்துறை, நகராட்சி மூன்றும் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்குப் போனது. எந்தத் தெருவில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகு ரோந்து இடம் மாறியது. மதுக்கூடங்களில் கண்ணாடிக் குவளைக்குப் பதில் உடைந்து ஆயுதமாகாத குவளை வந்தது. 2011-ல் வெளியான ஆய்வு, இதேபோன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டால் வன்முறைக் காயத்துக்காகப் படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள் 42 சதவீதம் குறைவு என்றது. கேட்டது சில கேள்விகள்தான்.

ஆனால் அதை அப்படியே பெயர்த்து வீட்டு வன்முறைக்கு ஒட்ட வைக்க முடியாது. கார்டிஃபில் பிடிபட்டது பெரும்பாலும் தெருச் சண்டை. வீட்டுக்குள் நடப்பதைத் தெருப்பெயர் போட்டுச் சொன்னால் யார் வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும். அங்கே "எங்கே" என்ற கட்டத்தில் "வீடு" என்ற ஒரு சொல் போதும்.

இன்னொரு தொல்லை, அந்தப் பெண் உண்மையைச் சொல்லியிருக்கவே மாட்டாள். நான் பார்த்துக்கொண்ட விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் "வழுக்கி விழுந்தது" என்றே வரிசையாக இருக்கும். ஒரு நாள் எங்கள் மூத்த செவிலியர் என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள், முட்டி தேயும். இவளுக்கு ஏன் முன்கையின் சுண்டுவிரல் பக்கம் மட்டும் கன்றியிருக்கிறது?" முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் அடி விழும் இடம் அது. அன்று பழைய பதிவேடுகளை எடுத்து, "விழுந்த" பெண்கள் வந்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்தேன். வேறெதுவும் எழுதவில்லை.

இரவில் கூட்டம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வந்திருந்தார்கள். கணவர் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு. எங்கள் ஆற்றுப்படுத்துநர் உட்காரும் நேரமோ பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். அவர் அறை எப்போதும் காலி. "தேவை இல்லை போலிருக்கிறது, இந்தப் பதவியை எடுத்துவிடலாம்" என்று நிர்வாகத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது! நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொல்லி அந்த ஒரு தாளை மேலே அனுப்பினோம். மாற்றினார்கள். செலவு ஒன்றும் இல்லை, கதவில் ஒட்டியிருந்த நேரப் பலகை மட்டும் மாறியது.

எனவே உங்கள் குழு "எவ்வளவு" என்பதிலேயே நிற்க வேண்டாம். எப்போது வருகிறார்கள், கர்ப்பிணிகள் எத்தனை பேர், திரும்பத் திரும்ப வருகிறவர்கள் உண்டா, பெயர் பதிந்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமலே கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இதில் எந்த விடை வந்தாலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றை மாற்ற முடியும். காவல் நிலையம், மருத்துவமனை, உதவி எண், காப்பகம் நான்கின் எண்ணிக்கையையும் கூட்டி ஒரே மொத்தமாகப் போடாதீர்கள். ஒரே பெண் நான்கு இடத்திலும் இருப்பாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவமனையில் நிறைய, காவல் நிலையத்தில் 11 என்றால், நடுவில் எங்கே உதிர்கிறார்கள் என்பதுதான் உங்கள் குழுவின் முதல் வேலை.

கே: அதே குழுவில் இருந்து இன்னொருவர் எழுதுகிறேன். உதவி எண்ணை எல்லா இடத்திலும் ஒட்டினோம். ஆறு மாதத்தில் அழைப்புகள் இரண்டு மடங்கு ஆகிவிட்டன. திட்டம் தோற்றுவிட்டது என்று தலைவர் கோபப்படுகிறார்.

ப: உங்கள் தலைவரோடு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது போல! எண்ணை ஒட்டினால் அழைப்பு கூடத்தான் செய்யும், அதற்காகத்தானே ஒட்டினீர்கள். அழைப்பு கூடுவது வன்முறை கூடியதற்கு அடையாளமாக இருக்கலாம், நம்பிக்கை கூடியதற்கும் அடையாளமாக இருக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கூடவே அவசரப் பிரிவில் கடும் காயத்தோடு வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். எலும்பு முறிவை மறைப்பது கடினம், அது சுவரொட்டியைப் பார்த்துக் கூடுவதும் இல்லை. அழைப்பு ஏறி, கடும் காயம் இறங்கினால் நல்ல திசை.

கே: மேடம், நான் செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு. ஆய்வுத் திட்டத்துக்காக 100 வீடுகளில் குடும்ப வன்முறை பற்றிக் கணக்கெடுக்க ஆசை. கூகுள் படிவம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, நேரில் போகலாமா? எது நல்லது?

ப: உன்னை "நீ" என்றே எழுதுகிறேன் மகளே, கோபித்துக்கொள்ளாதே. இரண்டும் வேண்டாம்.

வாட்ஸ்அப் படிவத்தை முதலில் எடுத்துக்கொள். அவள் கைபேசியை வீட்டில் வேறு யாரெல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? "உங்கள் கணவர் அடிப்பாரா" என்ற கேள்வி இரவு ஒன்பது மணிக்குத் திரையில் மின்னினால், அவளுக்கு முன்னால் அதைப் படிப்பது அந்தக் கணவராகவே இருக்கலாம்.

நேரில் போவதற்கும் விதிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வகுத்தவை. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். ஆய்வின் பெயரில் வன்முறை என்ற சொல் இருக்கக் கூடாது, "பெண்கள் உடல்நலம், வாழ்க்கை அனுபவம்" என்பதுபோல் பொதுவாக இருக்க வேண்டும். தனியாகப் பேச வேண்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகூட அறையில் இருக்கக் கூடாது, குழந்தை கேட்டதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிடும். நடுவில் யாராவது நுழைந்தால், தயாராக வைத்திருக்கும் வேறு கேள்விக்குத் தாவிவிட வேண்டும், மாதவிடாய் வயிற்றுவலி மாதிரி எதையாவது. நான் பின்னாளில் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது இந்தத் தாவலைத்தான் அதிகம் பழக்குவேன். கதவு திறந்த நொடியில் முகம் மாறாமல் பேச்சை மாற்றப் பழக நாளாகும். அந்த 10 நாடு ஆய்வில் கேள்வி கேட்டவர்களுக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கேட்கிறவர்கள் மனம் ஒடிந்து போவதும் உண்டு. அவர்களுக்கும் ஆறுதலுக்கு ஆள் வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. அந்த ஆய்வில் அடி வாங்கியதாகச் சொன்ன பெண்களில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை. நாளை உன்னிடம் ஒருத்தி வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறப்பாள். நீ படிவத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாயா?

உன் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பு. பெண்களைக் கேட்காதே, மருத்துவ நிலையங்களைக் கேள். உன் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் போய்ப் பார். தனியாகப் பேச, கதவு சாத்தக்கூடிய அறை இருக்கிறதா? கூட வந்த ஆளை வெளியே உட்காரச் சொல்லும் பழக்கம் உண்டா? உதவி எண் எங்கே ஒட்டியிருக்கிறது, எல்லோரும் பார்க்கும் வராந்தாவிலா, பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கத்திலா? இரவுப் பணியில் இருப்பவருக்கு ஒரு பெண்ணை எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரியுமா? பதிவேடு பூட்டும் அலமாரியில் இருக்கிறதா, மேசை மேல் விரிந்து கிடக்கிறதா? யார் உயிருக்கும் இதனால் ஆபத்து இல்லை. இப்படி ஒரு கணக்கு எடுத்தவர்கள் குறைவு. முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

கே: நாடு முழுவதற்கும் பெரிய ஆய்வுகள் இருக்கும்போது ஒவ்வொரு ஊருக்கும் தனிக் கணக்கு எதற்கு? வீண் செலவு.

ப: மேலே சொன்ன அந்த 10 நாடு ஆய்வில், பெரு நாட்டின் லிமா நகரத்தில் 51 சதவீதப் பெண்கள் துணைவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். அதே நாட்டில், அதே ஆய்வில், குஸ்கோ பகுதியில் 69. நடுவில் ஒரு சராசரியைப் போட்டுத் திட்டம் தீட்டினால் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. அதற்காக ஊருக்கு ஊர் புது ஆய்வு நடத்தச் சொல்லவில்லை. அலமாரியில் தூங்கும் பதிவேடுகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன், அதற்கு என்ன செலவு?

கே: எங்கள் வட்டாரத்தில் வருடத்துக்குச் சுமார் 2,000 பிரசவம். போன வருடம் பிரசவ கால மரணம் ஒன்று. இந்த வருடம் மூன்று. "மும்மடங்கு உயர்வு" என்று செய்தி வந்து எல்லோரும் பதறிக் கிடக்கிறோம். விளக்கக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது?

ப: 2,000 பிரசவத்தில் ஒரு மரணம் என்றால் லட்சத்துக்கு 50. இரண்டு என்றால் 100, மூன்று என்றால் 150. ஓர் உயிரில் விகிதம் 50 குதிக்கிறது. இவ்வளவு சிறிய இடத்தில் வருட விகிதத்தைப் பார்த்து உயர்ந்தது தாழ்ந்தது என்று பேசுவதில் பொருள் இல்லை. விகிதத்தை மாநிலத்துக்கும் நாட்டுக்கும் விட்டுவிடுங்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, அந்த மூன்று பெண்களின் கதை.

தடேயஸ், மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் மூன்று தாமதங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஒவ்வொரு மரணத்தையும் மணிக்கணக்கில் பிரித்து எழுதுங்கள். இரத்தப்போக்கு தொடங்கியது எப்போது, வண்டி வந்தது எப்போது, இரத்தம் ஏற்றியது எப்போது. கூடவே சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மூன்றைவிட அதிகம் இருப்பார்கள், வாய் திறந்து பேசவும் அவர்களால் முடியும். யாரையும் தண்டிப்பதற்கு அல்ல என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேஸ் ஷீட்டில் நேரங்கள் அழகாகத் திருத்தப்பட்டு வரும். பிரிட்டனில் பிரசவ மரண விசாரணைகள் 1952-லிருந்து ரகசியம் காத்துத்தான் நடக்கின்றன.

கடைசியாக, உங்கள் கணக்கில் வராத மரணங்களையும் தேடுங்கள். பிரசவ கால மரணத்துக்கான சர்வதேச வரையறை, கர்ப்ப காலத்திலோ அது முடிந்த 42 நாளுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் நேரும் மரணத்தை எண்ணுகிறது. விபத்தை எண்ணாது. கொலையையும் எண்ணாது. ஐந்து மாதக் கர்ப்பிணி தீக்காயத்தில் இறந்தால் அது "விபத்து" என்று வேறு பதிவேட்டுக்குப் போய்விடும், பிரசவக் குழு அந்தத் தாளைப் பார்க்கவே பார்க்காது. வருடத்துக்கு ஒரு முறை 15 முதல் 49 வயதுப் பெண்களின் எல்லா மரணங்களையும் ஒரே மேசையில் வையுங்கள். ஒரு நாள் வேலைதான்.

கே: நாங்கள் நான்கு மென்பொருள் பொறியாளர்கள். வன்முறை நடந்த இடங்களை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் செயலி இலவசமாகச் செய்து தர விரும்புகிறோம். என்ன தரவு கேட்கலாம்?

ப: நல்ல மனசு தம்பிகளே. ஆனால் புள்ளி என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. காரணம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருக்கும். ஒரு கூட்டத்துக்கு, பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, சிகிச்சைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குண்டூசி குத்தி வைத்தேன். பெயர் இல்லை, வயது இல்லை, ஊசி மட்டும். பெருமையாக இருந்தது. வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சந்து, அதில் நாலே வீடு, அங்கே ஒரு ஊசி. கூட்டத்துக்கு வந்த ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது இன்னார் வீடாச்சே" என்று பெயரையே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் தையல் பிரிக்க வர வேண்டிய நாளில் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அந்தப் பதிவில் இன்றுவரை அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. ஊசியைக் குத்தியது யாருமல்ல, நான்தான்.

அதன் பிறகு ஐந்துக்குக் கீழே எந்த எண்ணையும் தனியாக நான் வெளியே விட்டதில்லை. "5-க்குக் குறைவு" என்று எழுதுவேன், அல்லது பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிடுவேன். பல நாட்டுப் புள்ளிவிவர அலுவலகங்களிலும் இந்த மாதிரி வழக்கம் இருக்கிறது. மூன்று அட்டவணைகளை ஒன்றோடொன்று கழித்துப் பார்த்து மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு, அதையும் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

புள்ளி போட்டே ஆக வேண்டுமென்றால் இடங்களுக்குப் போடுங்கள். கனடாவின் டொரன்டோவில் 1989-ல் ஒரு வழக்கம் தொடங்கியது. பெண்கள் குழுவாக நடந்து போய், இங்கே விளக்கு எரிகிறதா, மூலை திரும்பினால் எதிரே தெரிகிறதா, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பது. எரியாத தெருவிளக்குக்கு மானம் போகாது, அதைத் தாராளமாகச் சிவப்பாகக் காட்டலாம். வீட்டுக்குள் நடப்பதைத் தெருவிளக்கு தீர்க்காது, அதையும் செயலியின் முகப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கே: எங்கள் அமைப்பு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக 1,200 பரிசோதனைகள் செய்தது. சாதனைதானே?

ப: 1,200 பரிசோதனையா, 1,200 பெண்களா? ஒவ்வொரு முகாமுக்கும் அதே நானூறு பேர் வந்திருந்தால் கணக்கு வேறு. உலக இலக்கு 2030-க்குள் 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு முறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை நல்ல தரமான பரிசோதனை. எனவே பரிசோதிக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கைக்குக் கீழே, வகுக்கும் எண்ணாக எழுத வேண்டியது, உங்கள் பகுதியில் அந்த வயதில் எத்தனை பெண்கள் என்பது. அதையும், சோதனையில் சிக்கல் தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பிறகு கைதட்டுகிறேன்.

கே: பெயர் வேண்டாம். கர்ப்பப் பரிசோதனைக்குப் போனபோது செவிலியர் "வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். சரியில்லை. உண்மையைச் சொன்னால் நீங்கள் எழுதுகிறீர்களே, அந்த மாதிரிக் கணக்கில் என்னையும் சேர்த்துவிடுவார்களா?

ப: இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன், அச்சில் கடைசியாக வருகிறது.

நீங்கள் "சரி" என்று சொன்னதில் தவறே இல்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. எங்கள் கணக்கு நிறைவதற்காக நீங்கள் வாய் திறக்க வேண்டிய கடமை இல்லை.

ஒரு நல்ல செவிலியர் அடுத்த முறையும் கேட்பார். தனியாக இருக்கும்போது மட்டும் கேட்பார். நீங்கள் சொன்னால் குறுக்கிடாமல் கேட்பார், "நீ என்ன செய்தாய்" என்று கேட்க மாட்டார், இன்று வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பா என்று விசாரிப்பார், எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்வார். கணவரை விட்டுவிடு என்றோ, புகார் கொடு என்றோ நெருக்க மாட்டார். நீங்கள் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போகும் கர்ப்பகால அட்டையில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டார். அதை வீட்டில் யாரும் பிரித்துப் படிக்கலாம்.

அடுத்த முறை அவர் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். "இதை எங்கே எழுதுவீர்கள்? யாரெல்லாம் படிப்பார்கள்? நான் சொன்னால் நீங்கள் யாருக்காவது தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?" சில இடங்களில் அப்படிச் சட்டம் உண்டு, முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. அவர் தெளிவாகச் சொன்னால் பிறகு யோசியுங்கள். தடுமாறினால் அன்றைக்கும் "சரி" என்றே சொல்லிவிட்டு, உதவி எண்ணை மட்டும் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கைபேசியில் சேமிக்க வேண்டாம். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தின் பிரதி வீட்டில் இருந்தால் கிழித்துவிடுங்கள். என்னிடம் வந்ததை நான் கிழித்துவிட்டேன்.